சுவிட்சர்லாந்தில் பெண்கள் வாக்குரிமை

சுவிட்சர்லாந்துப் பெண்கள் தேசிய அளவில் வாக்குரிமை பெற்றது 1971 பிப்ரவரி 7 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில். அதில் வாக்களித்தவர் அனைவரும் ஆண்கள், 65.7 விழுக்காட்டினர் ஆதரித்தனர். அண்டை நாடுகளான ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 1918இலேயே இவ்வுரிமை வந்துவிட்டது.

சட்டத்தின்முன் அனைத்து சுவிஸ் மக்களும் சமம் என்ற அரசமைப்பு விதியில் பெண்களும் அடங்குவர் என 1887இல் எமிலி கெம்பின்-ஷ்பீரி வாதிட்டார். இவர் 'ஹைடி' கதையை எழுதிய யோஹானா ஷ்பீரியின் கணவர்வழி உறவினர். வாதம் புதிது, துணிச்சலானது என்று குறிப்பிட்டுவிட்டு, கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 1919-21இல் சில மாநிலங்களில் நடந்த வாக்கெடுப்புகள் தோற்றன.

1928இல் பெர்ன் நகரில் நடந்த பெண்கள் தொழில் கண்காட்சியின் ஊர்வலத்தில் பெரிய நத்தை உருவம் ஒன்று வண்டியில் இழுத்துவரப்பட்டது. வாக்குரிமை நகரும் வேகத்தைக் காட்டுவதற்கென்றே செய்யப்பட்ட நத்தை அது. மறு ஆண்டு 2,49,237 கையொப்பங்களுடன் அளிக்கப்பட்ட மனுவும் அதே வேகத்தில்தான் நகர்ந்தது.

பெண்களையும் குடிமைப் பாதுகாப்புப் பணிக்குக் கட்டாயப்படுத்தும் திட்டம் 1957 மார்ச்சில் வாக்கெடுப்புக்கு வந்தது. கடமை உண்டு, கருத்துச் சொல்ல உரிமை இல்லையா என்ற கேள்வி எழவே, வலே மாநிலத்தின் உண்டர்பேக் என்ற மலைக்கிராமம் தன் பெண்களையும் வாக்களிக்க அழைத்தது. முதலில் வாக்களித்தவர் ஊர்த்தலைவரின் மனைவி கதரீனா சென்ஹாய்சர்ன். மொத்தம் 33 பெண்கள் வாக்களித்தனர். அவர்களுக்கென்று தனிப்பெட்டி வைக்கப்பட்டது, அவ்வாக்குகள் செல்லாதவையாயின.

1959 பிப்ரவரி 1 அன்று நடந்த முதல் தேசிய வாக்கெடுப்பில் ஏறத்தாழ 67 விழுக்காட்டு ஆண்கள் மறுத்தனர். இரு நாள் கழித்து, பாசல் நகரின் பெண்கள் உயர்நிலைப்பள்ளி ஆசிரியைகள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தனர். முந்தைய ஆண்டு வெளியான ஈரிஸ் ஃபான் ரோட்டனின் காரசாரமான நூலே தோல்விக்குக் காரணம் என்றும் சிலர் கூறினர்; ஒரு நூலுக்கு அவ்வளவு வலு இருந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. அவ்வாக்கெடுப்பில் வோ, நியூஷட்டேல், ஜெனீவா ஆகிய மாநிலங்கள் மட்டும் ஆதரித்தன.

1968இல் பெண்கள் வாக்குரிமை பற்றிய விலக்குடன் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் கையெழுத்திட அரசு எண்ணியது. இதை எதிர்த்து 1969 மார்ச் 1 அன்று எமிலி லீபர்ஹெர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் விசில்களுடன் பெர்னில் திரண்டனர். ஈராண்டுகளில் உரிமை வந்தது.

இத்தாமதத்துக்கு, அரசமைப்பைத் திருத்த ஆண் வாக்காளரின் இசைவு தேவைப்பட்டதைக் காரணமாகச் சொல்வோர் பலர். உலகப் போர்களில் நாடு நேரடியாக ஈடுபடாததைச் சிலர் சுட்டுவர். அரசமைப்புக்குப் புதிய விளக்கம் தந்தே உரிமையை வழங்கியிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

மாநில அளவில் கடைசியாக நின்றது அப்பென்செல் இன்னர்ரோடன். அங்கே மக்கள் சதுக்கத்தில் கூடிக் கையுயர்த்தி வாக்களிப்பர். ஆண்களுக்கு இடுப்பு வாளே வாக்காளர் அட்டை. 1990 ஏப்ரலிலும் அவர்கள் மறுக்கவே, நவம்பர் 27 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் உரிமையை வழங்க ஆணையிட்டது. பெண்களுக்கு அச்சிட்ட அட்டை தரப்பட்டது. அண்டை மாநிலமான ஆவுசர்ரோடன் 1989இலேயே இணங்கிவிட்டது. ஆனால் அந்த 1989 வாக்கெடுப்பில் உயர்ந்த கைகள் உண்மையில் பெரும்பான்மைதானா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

1984இல் எலிசபெத் கோப் முதல் பெண் அமைச்சரானார். 1991, 2019 ஆண்டுகளில் ஜூன் 14 அன்று பெண்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தனர். 2010இல் எழுவர் கொண்ட அமைச்சரவையில் முதன்முறையாகப் பெண்கள் பெரும்பான்மை பெற்றனர்.