தொப்பி அணிந்த பெண், கேமரா பிடித்த ஆண்

1973ஆம் ஆண்டு கோடைக்காலம். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பட ஆய்வுக்கூடத்தில் உதவிப் பேராசிரியர் அலெக்சாண்டர் சாச்சுக்கும் உடனிருந்தவர்களும் அவசரமாக ஒரு படத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சக ஆய்வாளர் ஒருவரின் கருத்தரங்கக் கட்டுரைக்கு அது தேவைப்பட்டது. கைவசம் இருந்த பழைய சோதனைப் படங்கள் அவர்களுக்குச் சலித்துப்போயிருந்தன. பளபளப்பான தாளில் அச்சானதாகவும் மனித முகம் உள்ளதாகவும் ஒரு படம் வேண்டும் என்று நினைத்தார்கள். அந்த நேரத்தில் ஒருவர் பிளேபாய் இதழோடு உள்ளே வந்தார். 1972 நவம்பர் இதழ். அதன் நடுப்பக்கத்தில் லீனா என்ற ஸ்வீடன் நாட்டுப் பெண்ணின் நிர்வாணப் படம் இருந்தது. தலையில் இறகு வைத்த தொப்பி. தோளுக்கு மேல் திரும்பி, பார்ப்பவரைப் பார்க்கிறார்.

படத்தின் மேல்பகுதியைக் கிழித்து ஸ்கேனரின் உருளையில் சுற்றினார்கள். அந்த ஸ்கேனர் ஓர் அங்குலத்துக்கு 100 வரிகளைப் படிக்கும். அவர்களுக்கு 512 வரிகள் போதும். ஆகவே மேலிருந்து 5.12 அங்குலம் மட்டுமே கணினிக்குள் போனது. படம் தோளோடு நின்றதற்கு இந்தக் கணக்குதான் காரணம். அந்தப் பெண்ணின் கண்ணியத்தைப் பற்றி யாரும் யோசித்ததால் அல்ல.

கணினிக்குப் படம் என்பது எண்களின் அட்டவணை. லீனாவின் படத்தில் 512 வரிசை, ஒவ்வொன்றிலும் 512 புள்ளி; மொத்தம் 2,62,144 புள்ளிகள். இவற்றைத்தான் பிக்சல் என்கிறோம். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். 0 என்றால் அந்த நிறம் துளியும் இல்லை. 255 என்றால் முழு அளவில் இருக்கிறது. இதற்குப் பிறகு நடப்பதெல்லாம் கூட்டல், கழித்தல், பெருக்கல். எல்லா எண்களையும் கொஞ்சம் கூட்டினால் படம் வெளிச்சமாகும். ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் சராசரியைக் கொடுத்தால் கரடுமுரடு மறைந்து படம் மங்கும். பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் பொருள்களின் விளிம்பு தெரியும். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவைத் துலக்கமாகக் காட்டுவதும், செயற்கைக்கோள் படத்தில் ஏரியின் கரையை அளப்பதும், கேமராவுக்கு முன்னால் முகம் இருக்கிறதா என்று கைபேசி கண்டுபிடிப்பதும் இத்தகைய கணக்குகளில் இருந்தே தொடங்குகின்றன.

அந்த ஆண்டுகளில் பெரிய சவால், படத்தைச் சுருக்கிச் சேமிப்பது. 1974இல் நாசிர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகிய மூவரும் வெளியிட்ட கணித முறை பின்னாளில் ஜேபெக் கோப்பின் அடித்தளமானது. நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் புகைப்படங்களுக்குள் இன்றும் அது இருக்கிறது. இப்படி ஒரு முறையைக் கண்டுபிடித்தவர், அது மற்றவர்களுடையதைவிட நன்றாக வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும். எல்லோரும் ஒரே படத்தில் சோதித்தால்தான் ஒப்பிட முடியும். அந்த ஒரே படமாக லீனா ஆனார். ஆய்வகங்கள் கேட்டபோதெல்லாம் பிரதி கொடுக்கப்பட்டது. கட்டுரைகளுக்கும் பாடநூல்களுக்கும், இங்கே பொறியியல் மாணவர்களின் ப்ராஜெக்ட் அறிக்கைகளுக்கும்கூட அந்த முகம் வந்து சேர்ந்தது. இப்படித் தன் முகம் உலகம் சுற்றுவது பல ஆண்டுகள் லீனாவுக்கே தெரியாது.

இதே துறையில் புகழ்பெற்ற இன்னொரு சோதனைப் படமும் உண்டு. எம்.ஐ.டி.யிலிருந்து வந்த கறுப்பு வெள்ளைப் படம். அதன் பெயரே ‘கேமராமேன்’. கோட்டு அணிந்த ஓர் ஆண், முக்காலியில் நிறுத்திய கேமராவில் கண் வைத்து நிற்கிறார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல கட்டுரைகள் அச்சாகியிருக்கின்றன. ஆண் பார்க்கிறார், வேலை செய்கிறார். பெண் பார்க்கப்படுகிறார். இதை யாரும் திட்டமிடவில்லை. திட்டமிடாமலே இப்படி அமைந்தது என்பதுதான் அந்த அறைகளில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதைச் சொல்கிறது.

எதிர்ப்பு மெதுவாக வந்தது. 1991இல் ஓர் ஆய்விதழ் லீனாவை அட்டையில் போட்டபோது முதலில் கேள்வி கேட்டது பிளேபாய்தான். அதன் கவலை பதிப்புரிமை. பின்பு அதையும் கண்டுகொள்ளாமல் விட்டது. 1996இல் இத்துறையின் முன்னணி இதழ் ஒன்றின் ஆசிரியர் டேவிட் மன்சன், அந்தப் படத்தின் செல்வாக்குக்கு இரண்டு காரணங்கள் சொன்னார். ஒன்று, நுணுக்கமான இறகுகள், சமதளமான பகுதிகள், நிழல் எல்லாம் அதில் கலந்திருப்பதால் சோதனைக்கு ஏற்றது. இரண்டு, அது ஓர் அழகான பெண்ணின் படம். துறையில் இருப்பவர்களோ பெரும்பாலும் ஆண்கள். காரணம் தெரிந்திருந்தும் அவர் தடை விதிக்கவில்லை.

2013இல் டீனா நீடெல், ரேச்சல் வார்டு என்ற இரண்டு கணிதவியலாளர்கள் தங்கள் கட்டுரைக்கு ஆண் மாடல் ஃபேபியோவின் படத்தைப் பயன்படுத்தினார்கள். அதற்கு முறைப்படி அனுமதி கேட்டு வாங்கினார்கள். 2015இல் அமெரிக்கப் பள்ளி மாணவி ஒருவர் வாஷிங்டன் போஸ்ட்டில் எழுதினார்: கணினி வகுப்பில் லீனா படத்தைக் கொடுத்தபோது பையன்கள் மீதிப் படத்தை இணையத்தில் தேடினார்கள், அவள் அதே அறையில் உட்கார்ந்திருந்தாள். ‘வெறும் முகமும் தோளும்தானே, இதில் என்ன’ என்று கேட்டவர்களுக்கு அந்தப் பதில் போதும். வெட்டப்பட்ட பகுதி எப்போதும் படத்தோடு சேர்ந்தே வகுப்புக்குள் வந்தது.

2018இல் நேச்சர் நானோடெக்னாலஜி இதழ் லீனா படம் உள்ள கட்டுரைகளை ஏற்பதில்லை என்றது. 2024 ஏப்ரலில் ஐ.இ.இ.இ. கணினிச் சங்கமும் அந்த முடிவுக்கு வந்தது. ஸ்கேன் செய்து 51 ஆண்டுகள் கழித்து! இதில் லீனாவை வெறும் பாதிக்கப்பட்டவராக எழுதிவிட முடியாது. அந்தப் படத்தில் தனக்குப் பெருமை உண்டு என்றும், தகுந்த ஊதியம் கிடைத்திருக்கலாம் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். 2019இல் வந்த ஆவணப்படத்தில், மாடலிங்கிலிருந்து எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டேன், தொழில்நுட்பத்திலிருந்தும் ஓய்வு பெறும் நேரம் இது என்றார். அவரிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம் என்பதுதான் நம் வாதம்.

கைக்கு எட்டிய படத்தை எடுத்து அதையே அளவுகோலாக்கும் பழக்கம் லீனாவோடு தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை. கோடாக் நிறுவனம் வண்ணப் பிரதிகளின் நிறத்தைச் சரிபார்க்கப் பல ஆண்டுகள் அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் இருந்தவர்கள் வெள்ளைத் தோல் பெண்கள். கருந்தோல் முகங்கள் படத்தில் இருட்டாகிப் போயின. தங்கள் பொருள்களின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று சாக்லெட் தயாரிப்பாளர்களும் மரச்சாமான் வியாபாரிகளும் புகார் சொன்னதும் பிலிமை மாற்றத் தூண்டியவற்றுள் ஒன்று.

2018இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும், முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு. கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போனது. புழக்கத்தில் இருந்த இரண்டு சோதனைத் தொகுப்புகளை எண்ணிப் பார்த்தபோது, வெளிர் நிற முகங்கள் ஒன்றில் 79.6 விழுக்காடு, மற்றொன்றில் 86.2 விழுக்காடு. ஆகவே அவர்கள் ருவாண்டா, செனகல் முதல் ஸ்வீடன் வரை ஆறு நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களின் 1,270 முகங்களைக் கொண்டு புதிய தொகுப்பை உருவாக்கியிருந்தார்கள். முடிவுகள் வெளியானபின் அந்த நிறுவனங்கள் மென்பொருளைத் திருத்தின. கருநிறப் பெண்களிடம் பிழை வெகுவாகக் குறைந்தது. அளவுகோலை மாற்றினால் இயந்திரமும் மாறும் என்பதற்கு இதுவே சான்று.

இது நமக்குத் தொலைதூரக் கதை இல்லை. அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஊட்டச்சத்து உணவுக்கு, முகத்தைக் காட்டி உறுதிசெய்யும் முறையை ஒன்றிய அரசு 2025இல் கட்டாயமாக்கியது. கைபேசிக்கு முன்னால் நிற்கும் அந்தப் பெண் வயல் வேலை முடித்து வந்தவராக இருக்கலாம். ரத்தசோகையில் முகம் வெளிறி, பேறுகாலத்தில் வீங்கி, பதிவு செய்த நாளில் இருந்த முகம் மாறியிருக்கலாம். செயலி அடையாளம் காணாவிட்டால் உணவுப் பொட்டலத்துக்காக அவர் மறுபடி நடக்க வேண்டும். இந்தச் செயலியை யாருடைய முகங்களில் சோதித்தீர்கள், அதில் எங்கள் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர், பிழை எத்தனை விழுக்காடு என்று கேட்பதற்கு இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை.