விளங்காத கையும் வெந்நீரும்

தாயில்பட்டி வட்டாரத்தில் கைதான் முதல். வெம்பக்கோட்டையை அடுத்த அக்கரிசல் பூமியில், மழையை மட்டும் நம்பிப் பிழைக்க இயலாத குடும்பங்கள் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தம் விரல்களை ஒப்படைத்துப் பல்லாண்டுகள் ஆகின்றன. திரி செருகுவதும் தாள் ஒட்டுவதும் விரல் நுனியின் வேலைகள். அத்தகைய இல்லத்தில் ஒருவருக்குப் பாரிச வாயு கண்டு, "ஒரு பக்கம் விளங்காமல் போய்விட்டது" என்று உறவினர் சொல்லும்போது, அக்குடும்பத்தின் பிழைப்பும் அச்சொல்லில் அடங்கிவிடுகிறது. நோயாளி சற்றுத் தேறியதும் அடுப்பில் ஏறுவது வெந்நீர்ப் பானை. நொச்சித் தழையிட்டுக் கொதிக்க வைத்து ஒத்தடம் கொடுப்பார்கள். இவ்வழக்கத்தின் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டு.

யூனானி மருத்துவர் இந்நோயைப் 'பாலிஜ்' என்பர். குளிர்ச்சியும் ஈரமும் மிகுந்த கபம் நரம்புகளின் வழியை அடைப்பதால் உறுப்புத் தளர்கிறது என்பது அவர்கள் கொள்கை. குளிர்ச்சியால் வந்ததற்கு வெப்பமே மாற்று. ஆகவே சூடான தைலங்களும் ஒத்தடமும் ஹம்மாம் எனும் வெந்நீர்க் குளியல் மனையும் சிகிச்சையில் இடம் பெற்றன. இப்னு சீனா (980–1037) தமது 'அல் கானூன்' நூலின் மூன்றாம் பாகத்தில் நரம்பு நோய்களுக்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கினார். நோய் கண்ட முதல் சில நாட்களில் வன்மையான மருந்து தராது தேன் நீரை மட்டும் புகட்டிக் காத்திருப்பது ஹகீம்களின் மரபு.

ஆனால் வெப்பத்தைப் பற்றிப் பேசும் எவரும் மறக்கலாகாத ஒரு செய்தி, இப்னு சீனாவுக்கு முந்தியது. பஸராவின் பேரறிஞர் அல் ஜாஹிஸ், 'கிதாபுல் ஹயவான்' எழுதியவர், முதுமையில் பாலிஜுக்கு ஆளாகி ஹிஜ்ரி 255-இல் மறைந்தார். தம் உடம்பின் ஒரு பாதியைக் கத்தரித்தாலும் தெரியாது, மறு பாதியில் ஈ உட்கார்ந்தாலும் வலிக்கிறது என்ற கருத்தில் அவர் சொன்னதாக வரலாற்றாசிரியர் குறிப்பர். அசைவோடு உணர்வும் போய்விடக் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமோ?

பண்டையோர் வெப்பத்தை அறிந்தார்கள். அதன் அளவை அறியவில்லை. வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு நீர்ச் சிகிச்சை செய்தவர் லிவர்பூல் மருத்துவர் ஜேம்ஸ் கர்ரி. தண்ணீர், வெந்நீர் இரண்டின் விளைவுகளையும் ஆராய்ந்து 1797-இல் நூல் வெளியிட்டார். அவர் கண்ணோட்டம் பெரிதும் காய்ச்சலைப் பற்றியது. பின்னர் பவேரியப் பாதிரியார் செபாஸ்டியன் நைப் (1821–1897), ஜெர்மானியர் லூயி கூனே ஆகியோர் நீர் வைத்தியத்தை மக்களிடையே பரப்பினர். கூனேயின் முறையைக் கைக்கொண்ட காந்தியடிகள் 1946-இல் புனேக்கு அருகே உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவ நிலையம் கண்டார். சென்னை அரும்பாக்கத்தில் 1979-இல் அரசு யூனானிக் கல்லூரியும், 2000-இல் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியும் தோன்றின.

தளர்ந்த கைக்கு இதனால் பயன் உண்டா என்று முறையாகச் சோதித்தவர்கள் அண்மைக் காலத்தவரே. தைவான் ஆய்வாளர்கள் 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வழக்கமான பயிற்சியோடு, துணி சுற்றிய வெப்பப் பொதியையும் குளிர்ப் பொதியையும் மாறி மாறி நோயாளியின் கையில் வைத்தனர். ஆறு வார முடிவில் மணிக்கட்டை நிமிர்த்துவதிலும் தொடு உணர்விலும் முன்னேற்றம் தெரிந்தது. பிடிக்கும் ஆற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆராயப்பட்டவர் தொகை சிறிது. ஆகவே இதனை அற்புதம் என்று கொண்டாடுவதற்கில்லை. சூடும் குளிர்ச்சியும் தோலின் வழியே மூளைக்கு அனுப்பும் செய்தி, பழுதுபட்ட பகுதியின் வேலையை அண்டைப் பகுதிகள் ஏற்கத் தூண்டலாம் என்பது அவர்கள் கருத்து.

ஹகீம்களின் காத்திருப்பை மட்டும் நாம் இன்று பின்பற்றுவதற்கில்லை. இரத்தக் கட்டியால் வந்த வாதமாயின், அதனைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அடைப்பா, இரத்தக் கசிவா என்பதைத் தலையைப் படமெடுத்தே அறிய இயலும். வாய் கோணி, கை துவண்டவுடன் வெந்நீர் காய்ச்சுவதும் தைலம் தேடுவதும் அப்பொன்னான நேரத்தைத் தின்றுவிடும். நீரின் காலம் அதற்குப் பிறகே வருகிறது.

அப்போதும் ஜாஹிஸின் பாதி உடம்பை நினைவில் வைக்க வேண்டும். உணர்விழந்த கை கொதிநீரையும் இளஞ்சூட்டையும் ஒன்றாகவே ஏற்கும்; கொப்புளம் கண்ட பின்னரே வீட்டார் திடுக்கிடுவர். தீக்காயத்தின் துயர் பட்டாசு வட்டாரத்துக்குப் புதிதன்று. அதை வைத்தியத்தின் பெயரால் அழைத்து வருவானேன்? நீரின் சூட்டை நோயாளியின் நல்ல கையாலும் உடனிருப்பவரின் முழங்கையாலும் முன்னதாகச் சோதிக்கலாம்; வெப்பமானி இருப்பின் இன்னும் நலம். சர்க்கரை நோயாளிக்கு மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது. இளஞ்சூட்டில் இறுக்கம் சற்றே தளரும் அச்சிறு பொழுதில்தான் பயிற்சி நடக்க வேண்டும்: துணியைப் பிழிவது, விரல்களை ஒவ்வொன்றாக விரிப்பது, காலித் தீப்பெட்டியைத் திறந்து மூடுவது. அவ்வூரில் காலித் தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை.