விட்லி ஆணைக்குழுவும் நம் தொழிலாளரும்

ஆலைச் சங்கொலி கேட்டுத் துயிலெழுந்த முன்னோரைப் பெற்ற தமிழ்க் குடும்பங்கள் பெங்களூரில் பல. இத்தனை மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது, கூலியைக் காலந்தாழ்த்தாது கொடுத்தல் வேண்டும் என்னும் முறைகள் எவ்வாறு வந்தன என்பதை அக்குடும்பத்தார் அறிந்திருத்தல் நன்று.

இங்கிலாந்தின் ஹாலிபாக்ஸ் நகரில் நூற்பாலைக் குடும்பத்தில் 1866இல் பிறந்தவர் ஜான் ஹென்றி விட்லி. 1900இல் பாராளுமன்றம் புகுந்த அவர், முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேசையில் சமமாக அமர்ந்து பேசும் கூட்டுக் குழுக்கள் வேண்டுமென்று 1917இல் பரிந்துரைத்த குழுவின் தலைவர். 1921 முதல் 1928 வரை காமன்ஸ் சபையின் சபாநாயகராக விளங்கினார். ஓய்வு பெறுகையில் மரபுப்படி அளிக்கப்பட்ட பிரபுப் பட்டத்தை ஏற்க மறுத்தார்.

1929இல் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய அமைந்த அரச ஆணைக்குழுவிற்கு அவரே தலைவரானார். நம் சீனிவாச சாஸ்திரியாரும், தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷியும் அதில் உறுப்பினர். அந்நியர் அமைத்த குழுவோடு ஒத்துழைப்பதா என்ற வினா எழுந்தது. அவ்வாண்டு நாகபுரியில் ஜவாஹர்லால் நேருவின் தலைமையில் கூடிய தொழிற்சங்கக் காங்கிரஸ் குழுவைப் புறக்கணிக்கத் தீர்மானித்தது. ஜோஷி முதலியோர் பிரிந்து சென்றனர். இரு சாராரும் தொழிலாளர் நலம் நாடியவரே என்பதை நாம் மறத்தலாகாது.

1931இல் அறிக்கை வெளிவந்தது. பெற்றோர் கடனுக்காகப் பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கும் கொடுமை அமிர்தசரஸ் முதல் சென்னை வரை நிலவியதை அது வெளிப்படுத்திற்று. அதன் பயனாக 1933இல் தடைச்சட்டம் பிறந்தது. ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வார வேலை நேரம் 60 மணியிலிருந்து 54 ஆகக் குறைந்தது 1934ஆம் ஆண்டுச் சட்டத்தால். 1936ஆம் ஆண்டுச் சட்டமோ, கூலி வழங்கும் கெடுவை வரையறுத்ததோடு, அபராதம் ரூபாய்க்கு அரையணாவிற்கு மேற்படலாகாது என்றும் விதித்தது.

ஆயினும், குழுவின் ஆய்வெல்லை பிரிட்டிஷ் இந்தியாவே. மைசூர் சமஸ்தானத்திலிருந்த கோலார் தங்கவயலில் பாதாளத்தில் உழைத்த தமிழர் அதற்குப் புறம்பாயினர். குழு ஆராய்ந்துகொண்டிருந்த 1930ஆம் ஆண்டிலேயே, கைரேகைப் பதிவை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். எந்த ஆணைக்குழுவும் தம்மை நாடி வாராத நிலையில், தம் ஒற்றுமையையே துணையாகக் கொண்டனர் அவ்வெளியவர்.

விட்லி 1935இல் மறைந்தார். அவர் வகுத்த கூட்டுக் குழு முறையைத் தழுவி, 1966இல் நம் மத்திய அரசு ஊழியர்க்குக் கூட்டு ஆலோசனை அமைப்பு ஏற்பட்டது. எனினும், சட்டம் ஏட்டில் எழுதப்படுமுன் அதை நெஞ்சுறுதியால் எழுதியவர் உழைப்பாளரே. பிழைப்புத் தேடி வந்து இந்நகரை வளர்த்த நம் முன்னோரும் அவருள் ஒரு சாரார் என்பதை நன்றியோடு நினைவோமாக!