கண்ணும் சிறுநீரகமும்



கண் முகத்தில் ஒளிர்கிறது; சிறுநீரகமோ முதுகெலும்பின் இருமருங்கிலும் மறைந்து கிடக்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே பற்றும் ஓர் அரிய நோய் உண்டு. பெரும்பாலும் சிறுவர்களையும் இளம்பருவத்தினரையும் தாக்கும் அந்நோய் அறியப்பட்ட வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

1975ஆம் ஆண்டில் டோப்ரின், வெர்னியர், ஃபிஷ் என்னும் அமெரிக்க மருத்துவர் மூவர், இளம்பெண்கள் இருவரைப் பற்றி எழுதினர். இருவருக்கும் சிறுநீரகம் செயல் குன்றியிருந்தது. அதன் நுண்குழல்களைச் சூழ்ந்த திசுக்களில் அழற்சி. கண்ணின் முற்பகுதியிலும் அழற்சி. இவை தற்செயலாகச் சேர்ந்தவை அல்ல, ஒரு புதிய நோய்த்தொகுதியே என்று அம்மூவரும் துணிந்துரைத்தனர்.

இத்துணிவு ஏன் போற்றத்தக்கது? நோயின் அறிகுறிகள் ஒருங்கே தோன்றுவதில்லை. காய்ச்சல், களைப்பு, உடல் மெலிவு என்று வந்த குழந்தையை ஒரு மருத்துவர் பார்க்கிறார். பின்னர் ஒருநாள் கண் சிவந்து, வெளிச்சத்தைக் கண்டு கூசுகிறது. அதனைப் பார்ப்பவர் வேறொரு மருத்துவர். 2001இல் மாண்டெவில் முதலிய மூவர், அதுவரை பதிவாகியிருந்த 133 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து ஆராய்ந்தனர். நூற்றுக்கு 65 பேருக்குக் கண்நோய் பின்னரே வந்திருந்தது. அதுவும் 14 மாதங்கள் வரை கழித்து! 21 பேருக்கோ கண்ணே முந்திக்கொண்டது. ஆண் ஒருவருக்குப் பெண் மூவர் என்னும் அளவில் நோயாளிகள் இருந்தனர்.

இரண்டையும் இணைத்துக் காண ஓர் எளிய சோதனையும் வாய்த்தது. 1968இல் பெர்கார்ட், பேர்ன் என்னும் இருவர் சிறுநீரிலிருந்து ஒரு சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்பது அதன் பெயர். நலமான நுண்குழல்கள் அதனை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். பழுதுற்றவை சிறுநீரில் நழுவவிடும். ஆகவே, காரணம் விளங்காத கண் அழற்சியுடன் வரும் குழந்தையின் சிறுநீரில் அப்புரதம் மிகுந்திருப்பின், சிறுநீரகத்தை ஐயுற வேண்டும்.

சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடுகிறது. ஸ்டீராய்டு மருந்துகளும் கைகொடுக்கின்றன. கண்ணோ அத்துணை எளிதில் விடுவதில்லை. அழற்சி மீண்டும் மீண்டும் வரும். கவனியாது விட்டால் கண்புரையும் கண்ணழுத்த நோயும் பார்வையைக் குறைக்கக்கூடும். எனவே இந்நோயுற்ற குழந்தையின் சிறுநீரகம் தேறியதும் சிகிச்சை முடிந்தது என்று பெற்றோர் அமைதி கொள்ளலாகாது. கண்ணில் நோவு இல்லையெனினும், மருத்துவர் குறித்த நாள்களில் கண்ணைச் சோதித்து வருவதே அக்குழந்தையின் பார்வைக்குக் காவலாகும்.