ஆலம்பரைக் கோட்டையும் பிரெஞ்சுப் புதுச்சேரியும்

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே செல்வோரில் பலர் பிரெஞ்சு நகரம் ஒன்றைப் பார்க்கப் போவதாகவே நினைத்துப் புறப்படுகின்றனர். மஞ்சள் சுவர் வீடுகள், நேர்கோட்டுத் தெருக்கள், கடற்கரை நடைபாதை, ரொட்டிக்கடைகள் என்று புதுச்சேரி அவர்கள் மனத்தில் முன்பே பதிந்திருக்கிறது. ஏறத்தாழப் பாதி வழியில், செங்கல்பட்டு மாவட்டம் கடப்பாக்கத்துக்குக் கிழக்கே, உப்பங்கழியின் கரையில் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டையும் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. ஓராண்டு இடைவெளியில் இரண்டு இடங்களும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து சிதைந்தன. புதுச்சேரி மீண்டும் எழுந்தது, ஆலம்பரை எழவில்லை. இந்த வேறுபாட்டுக்கு, ஐரோப்பாவில் கையெழுத்தான உடன்படிக்கை ஒன்றில் குறிக்கப்பட்ட ஆண்டு பெரிய காரணம்.

இடைக்கழிநாட்டுத் துறைமுகம்

ஆலம்பரை இருக்கும் பகுதி இடைக்கழிநாடு. கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட நிலம் என்பது பெயரிலேயே தெரிகிறது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இந்நாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். பரிசில் தேடிச் செல்லும் பாணனுக்கு வழி சொல்லும் அந்நூல், எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் கள்ளையும் சுட்ட மீனையும் மறக்காமல் குறிப்பிடுகிறது. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இந்தச் சாலையில் எங்கே என்ன சாப்பிடலாம் என்று சொல்லும் வழக்கம் அவ்வளவு பழையது.

18ஆம் நூற்றாண்டில் ஆலம்பரை ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய கோட்டை, கழியை ஒட்டிய படகுத்துறை, நாணயம் அடிக்கும் அக்கசாலை ஆகியவை இங்கே இருந்தன. உப்பும் துணியும் இங்கிருந்து கப்பலேறின. நிஜாம் பதவிக்கும் ஆர்க்காட்டு நவாப் பதவிக்கும் நடந்த வாரிசுப் போரில் முசாபர் ஜங்கும் சந்தா சாகிபும் பிரெஞ்சுத் துணையை நாடினர். அந்த உதவிக்குக் கைம்மாறாக 1750இல் முசாபர் ஜங் ஆலம்பரையைப் புதுச்சேரி ஆளுநர் டூப்ளேக்கு அளித்தார்.

அடுத்த சில ஆண்டுகள் இந்தக் கடற்கரைப் பகுதி முழுவதும் கைமாறிக்கொண்டே இருந்தது. 1751இல் செங்கல்பட்டுக் கோட்டை பிரெஞ்சுத் தரப்பின் கைக்குப் போனது. 1752இல் கிளைவ் அதைப் பிடித்தார். 1754 சனவரியில் இரு தரப்பும் சதுரங்கப்பட்டினத்தில் கூடிப் பேசின. அது டச்சுக்காரர்களின் ஊர் என்பதால் பொது இடமாயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் தமக்குக் கிடைத்த கொடைகளையும் பட்டங்களையும் முன்வைத்தனர். ஆங்கிலேயர் அவற்றை ஏற்க மறுத்தனர். பேச்சு முறிந்தது. அதே ஆண்டு டூப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்.

1749 என்னும் எல்லை

1760 சனவரியில் வந்தவாசியில் வென்ற அயர் கூட், பிரெஞ்சுக் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்கு வந்தார். அவ்வாண்டிலேயே ஆலம்பரை வீழ்ந்தது. நீண்ட முற்றுகையில் பட்டினி கிடந்த புதுச்சேரி 1761 சனவரி 16 அன்று சரணடைந்தது. டூப்ளேயின் துபாசியும் நாட்குறிப்பு எழுதியவருமான ஆனந்தரங்கப் பிள்ளை அதற்கு நான்கு நாள் முன்னர் காலமாகியிருந்தார். கோட்டை, ஆளுநர் மாளிகை, ஐரோப்பியர் வீடுகள் ஆகியவற்றை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினர்.

1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை ஏழாண்டுப் போரை முடித்து வைத்தது. 1749ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரான்சிடம் இருந்த வணிகத் தலங்களை, அவை அப்போது இருந்த நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று அது கூறியது. புதுச்சேரி 1749இல் பிரெஞ்சு ஊர். ஆகவே இடிபாடாக இருந்தாலும் திரும்பிக் கிடைத்தது. ஆலம்பரை 1750இல் வந்த கொடை. ஆகவே கணக்கில் சேரவில்லை. 1749க்கு முன்னால் அந்தக் கொடை கிடைத்திருந்தால் கடப்பாக்கத்திலும் இன்று பிரெஞ்சுத் தெருப் பெயர்கள் இருந்திருக்கக்கூடும்.

1765இல் ழான் லா தெ லொரிஸ்தோன் தலைமையில் பழைய தெருத்திட்டத்தின் மீதே புதுச்சேரியைத் திரும்பக் கட்டத் தொடங்கினர். நகரம் பின்னரும் பலமுறை ஆங்கிலேயரிடம் போய், 1816இல்தான் நிலையாகத் திரும்பியது. எனவே இன்று பயணிகள் படமெடுக்கும் வெள்ளையர் பகுதி டூப்ளே கண்ட நகரம் அன்று. அதன் வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. டூப்ளே காலத்துக் கட்டடம் ஒன்றைக் காண விரும்புவோர் கால்வாயின் மேற்கே தமிழர் பகுதிக்குத்தான் போக வேண்டும். அங்கே 1738இல் கட்டிய ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை நிற்கிறது. கீழே தமிழ் முறையில் மரத்தூண்கள்; மேல்மாடியில் பிரெஞ்சு முறைத் தூண்கள்.

உணவும் விழாவும்

புதுச்சேரி மக்களின் வீட்டுமொழி தமிழ். 1956இல் இந்தியாவும் பிரான்சும் செய்த ஒப்பந்தம், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வேறு முடிவெடுக்கும் வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றது. அது ஏட்டில் உள்ள நிலை. அன்றாட வாழ்வில் இரு மரபுகளும் கலந்திருப்பதை அடுக்களையில் எளிதாகக் காணலாம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றை இடித்து உருட்டி வெயிலில் காயவைத்து, குழம்புக்குத் தாளிக்கும் வடகம் நம் வீடுகளில் உண்டு. அதுவே பிரெஞ்சுச் சமையலில் 'வடுவான்' என்னும் மசாலாவாயிற்று. பிரெஞ்சு உணவு தேடிப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள், அங்கிருந்து பிரான்சுக்குப் போன தமிழ் உணவையும் கேட்டுச் சுவைக்கலாம்.

சூலை 14 பிரெஞ்சுத் தேசிய நாள். முந்தைய மாலை விளக்கு ஊர்வலம் நடக்கும். மறுநாள் போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைப்பர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய தமிழர்களை ஊரார் 'சொல்தா' என்பர். பதக்கங்கள் அணிந்து நிற்கும் முதியவர்கள் அவர்களே. ஆடி மாதத்தில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரின் வடத்தை ஆளுநர் தொட்டு இழுப்பது பிரெஞ்சு ஆட்சிக்காலம் முதல் தொடரும் வழக்கம். சுற்றுலாக் கையேடுகள் சூலை 14க்குத் தரும் இடத்தை இதற்குத் தருவதில்லை. ஆட்சி எவர் ஒத்துழைப்பில் நடந்தது என்பதை அந்தத் தேர்வடமே நன்றாகக் காட்டுகிறது என்பேன். மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும் மூர்த்திகளில் மயிலம் முருகனும் உண்டு. மயிலம் அன்று ஆங்கிலேயர் பகுதி, இன்று விழுப்புரம் மாவட்டம்.

ஆலம்பரையில் அப்படி விழா ஏதுமில்லை. அக்கசாலை இருந்த இடத்தில் முட்புதர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை எஞ்சிய சுவர்களையும் பாதித்தது. கடற்காற்றும் உப்பும் செங்கல்லைத் தொடர்ந்து அரிக்கின்றன. சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி செல்லும் பேருந்துகள் கடப்பாக்கத்தைக் கடந்துதான் போகின்றன. அங்கே இறங்கிக் கிழக்கே போனால் கோட்டை. சுவரின் மேல் நின்றால் கழியும், அதற்கப்பால் மணல்திட்டும், கடலும் தெரியும்.