தெளிவட்டத்தின் வரலாறு

நோயாளியிடமிருந்து பெற்ற பற்றீரியாவை ஏகார்த் தட்டிற் பரப்பி, நுண்ணுயிர்கொல்லி மருந்து தோய்ந்த சிறு தாள் வில்லைகளை அதன்மீது வைத்தால், மறுநாட் சில வில்லைகளைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தோன்றும். எம்மருந்து பயன்தரும் என வைத்தியருக்கு வழிகாட்டுவது இவ்வட்டமே. காண்பதற்கு எளிதான இதன் பொருளை வரையறுக்க ஏறத்தாழ நாற்பதாண்டுகள் சென்றன.

1929 இல் அலெக்சாந்தர் பிளெமிங் வெளியிட்ட கட்டுரையிலேயே இச்சோதனையின் வித்து உண்டு. ஏகாரில் வெட்டிய ஓடையொன்றிற் பெனிசிலினை இட்டு, அதற்குக் குறுக்கே பலவகைக் கிருமிகளை அவர் கோடுகளாக வளர்த்தார். சில ஓடைக்கரைவரை வந்தன. சில தொலைவிலேயே நின்றன. பின்னர் ஒக்ஸ்போட்டில் நோர்மன் ஹீற்லி, ஏகார்மீது நிறுத்திய சிற்றுருளைகளிற் பெனிசிலினை வார்த்து, வட்டத்தின் அகலத்தால் அதன் வலுவை மதிப்பிட்டார். அங்கே அறிந்தது கிருமி, அறியவேண்டியது மருந்து.

விரைவில் வினா தலைகீழாயிற்று. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியம் பற்றீரியாவில் உண்டென ஏபிரகாமும் செயினும் 1940 இலேயே காட்டியிருந்தனர். மருந்து பரவலாக வழங்கியதும் எதிர்ப்புடைய கிருமிகள் மருத்துவமனைகளிற் பெருகின. இப்போது அறிந்தது மருந்து; அறியவேண்டியது கிருமியின் இயல்பு. தாள் வில்லைகள் இதற்கே பயன்படலாயின.

ஆயின் ஏகாரின் தடிப்பு, கிருமியின் செறிவு, வில்லையின் மருந்தளவு ஆகியன ஆய்வுகூடந்தோறும் வேறுபட்டன. இவற்றுள் ஒன்று மாறினும் வட்டத்தின் அளவு மாறும். பெரிய வட்டம் தரும் மருந்தே வலியது எனக் கொள்வதும் தவறு. பொலிமிக்சின் போன்ற பெரிய மூலக்கூறுகள் ஏகாரில் மெல்லவே பரவுவதால், கிருமியை அழிக்கவல்லனவாயினும் சிறு வட்டமே தருகின்றன. தவறான தீர்ப்பின் விலையைச் செலுத்துபவன் நோயாளியே.

இக்குழப்பத்துக்கு 1966 இல் ஐக்கிய அமெரிக்காவின் சியாற்றில் நகரில் பவர், கேர்பி, ஷெறிஸ், ரேர்க் ஆகியோர் தீர்வு வகுத்தனர். ஒரே வகை ஏகார், ஒரே கிருமிச்செறிவு, மருந்துக்கு ஒரே வலுவுடைய வில்லை என அவர்கள் விதித்தனர். மில்லிமீற்றரில் அளந்த விட்டத்தை ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி எல்லையோடு ஒப்பிட்டனர். 1971 இல் எரிக்சனும் ஷெறிசும் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வறிக்கையும் பொதுநெறியின் தேவையை வலியுறுத்தியது.

வட்டத்தைத் தோற்றுவிப்பது மருந்து. அதற்குப் பொருள் தருவது எல்லோரும் ஏற்ற அளவுகோல். எதிர்ப்புக் கிருமிகள் நாட்டெல்லைகளைக் கடந்து பரவும் இந்நாளிலும், ஓரிடத்து முடிவை இன்னோரிடம் நம்புவதற்கு அவ்வொழுங்கே ஆதாரமாகும்.