ஒற்றியூர் விளக்கும் மணலிச் சுடரும்

மெக்ஸிகோ நகரத்தின் மத்தியிலுள்ள ஸோகலோ சதுக்கத்தில், 1999ஆம் ஆண்டு முடிந்து 2000 பிறக்கும் தறுவாயில், ரஃபேல் லொசானோ-ஹெம்மர் என்னும் கலைஞர் 18 பெரும் ஒளிவிளக்குகளை நிறுவி, உலகின் எந்த மூலையில் இருப்பவரும் இணையத்தின் வழியே அவற்றின் கதிர்களைத் தம் இஷ்டம்போல் வானத்தில் திருப்பலாம் என்று ஏற்பாடு செய்தார். பார்க்க வந்தவனும் கைவைக்கக்கூடிய பொதுவிளக்கு என்பது அங்கே நூதனமாக இருந்திருக்கலாம். சென்னையின் வடபுறத்து மணலிக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் திருவொற்றியூரின் சரித்திரம் அறிந்தவர்களுக்கு அதில் வியக்க அதிகமில்லை.

அவ்வூர்த் தியாகராஜசுவாமி ஆலயத்துக் கற்களில், பல்லவர் ஆட்சியின் அந்திமகாலம் தொடங்கிச் சோழர் காலம் நெடுகிலும், நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, வைத்த தர்மங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பொன்னாகக் கொடுக்கும் வழக்கமும் உண்டு, ஆடாகக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. ஆட்டுக் கொடையில் இருந்த யுக்தியே தனி. அக்காலத் தமிழகக் கோயில்களில் விளக்கொன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகள் என்பது பெருவழக்கு. மந்தையைப் பெற்றுக்கொண்ட மன்றாடி நாள்தோறும் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். கிழடு கழிந்தாலும் குட்டிகளால் தொகை குறையாது என்ற கணக்கில் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினார்கள். அவன் தவறினால் பிணை நின்ற ஏனைய மன்றாடிகள் அந்த நெய்யை இறுக்க வேண்டும். திறப்பு விழா நடந்த மறுமாதமே அணைந்துபோகும் நம் காலத்துப் பூங்கா விளக்குகளைப் பார்க்கும்போது, பராமரிப்பு விஷயத்தில் அந்த இடையர்களே கெட்டிக்காரர்கள் என்று தோன்றுகிறது.

ஆடும் பொன்னும் இல்லாதவன் என்ன செய்வான்? சுந்தரர் தம் தொண்டர் வரிசையில் வைத்துப் பாடியவரும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துரைத்தவருமான கலிய நாயனாரின் வரலாறு இதற்கு விடை. ஒற்றியூர்ச் சக்கரப்பாடித் தெருவில் செக்காடும் குலத்தில் செல்வராகப் பிறந்த அவர், கோயிலின் உள்ளும் புறமும் விளக்கேற்றியே பொருளைக் கரைத்தார். பிறகு உறவினரின் எண்ணெயைக் கூலிக்கு விற்றார். பிறகு பிறர் செக்கில் உழைத்தார். வீட்டையும் விற்று, மனைவியை விலைகூறியும் வாங்குவாரின்றி, அகல்களை வரிசையாக வைத்துத் திரியிட்டு, எண்ணெய்க்குப் பதிலாகத் தம் கழுத்தின் உதிரத்தை வார்க்க அரிவாளைப் பூட்டியபோது, இறைவன் கையைப் பிடித்துத் தடுத்ததாகப் புராணம் கூறுகிறது. மனைவியை விலைகூறிய பக்தியை நம்மால் மெச்ச முடியவில்லை; ஆயினும் ஒரு பொதுவிளக்கு ஏழைத் தொழிலாளி ஒருவனை எவ்வளவு தூரம் தன்னோடு பிணைத்துக்கொண்டது என்பதற்கு இதைவிடக் கடுமையான சாட்சி வேறில்லை.

எண்ணெய்த் தொழில் இப்பிரதேசத்துக்கு மறுபடியும் வந்தது, முற்றிலும் வேறு ரூபத்தில். இந்திய அரசும் ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் அமெரிக்க அமோகோவும் பங்காளிகளாகி 1965இல் உருவாக்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ், ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையாக 1969இல் மணலியில் இயங்கத் தொடங்கியது. 2000 முதல் அதற்குச் சென்னைப் பெட்ரோலியக் கழகம் என்று பெயர். ஆலைக்குள் தேங்கவிட்டால் ஆபத்தாகும் வாயுவை உயர்ந்த குழாயின் உச்சியில் எரித்துவிடுகிறார்கள். அந்தச் சுடருக்குத் திரி தூண்டுவாரும் வேண்டாம், தர்மம் வைப்பாரும் வேண்டாம்; ஆலை ஒழுங்காக நடக்கும் நாளில் அது அடக்கமாகவும், இயந்திரம் எதுவோ திடீரென்று நின்றுபோன நாளில் மேகம் சிவக்கும்படி ஓங்கியும் எரியும். ஊரார் அதில் கைவைக்க முடியாது. "இன்னா, தீ இன்னிக்கு ஒசரமா எரியுது?" என்று மாடியில் நின்று அடுத்த வீட்டாரைக் கேட்கத்தான் முடியும், அடுத்த வீட்டாருக்கும் காரணம் தெரிந்திருப்பதில்லை.